தூங்குகிற வாசகருக்கு அத்தியாயம் இல்லை

'வாசகர் உள்ளே நுழைந்ததும் நூலகர் எழுந்து நின்று புன்முறுவலோடு வரவேற்க வேண்டும்' என்கிறது புத்தகம். "நிக்கலாம். நான் இந்த ஒடம்பத் தூக்கிகினு எழுந்து நிக்கறதுக்குள்ள அவரு பேப்பரப் படிச்சிட்டு வூட்டுக்கே பூடுவாரு" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு, மடியில் விழுந்த வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டு, லூயிசா அடுத்த வரிக்குப் போகிறாள்.

சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய தொழிலாளர் வாசகசாலைக்கு வருகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. மேசைமேல் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று விரிந்து கிடக்கும். நவீன முறையில் நூலகம் நடத்துவது எப்படி என்று நூலகர்களுக்குச் சொல்லித்தரும் புத்தகம். பெங்களூரில் நடந்த பயிற்சி வகுப்பில், நாற்பது தாண்டிய வயதில், தம்பி வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவள் வாங்கி வந்தது. தினமும் கொஞ்சம் படிப்பாள். படிப்பதைவிட அதனோடு சண்டை பிடிப்பதுதான் அதிகம். எழுதியவர் எந்தக் குளிர்தேசத்துக்காரரோ, தரைவிரிப்பின் நிறம் வாசகர் மனத்தை என்ன செய்யும் என்பதற்கே நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். லூயிசாவின் வாசகசாலையில் தரை சிமெண்டு, கூரை தகரம். பக்கத்து மில்லில் தங்கக் கல் இடிக்கிற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி ஓயாமல் நடுங்கும். "செவப்புலயே விரிக்கலாம் சார். வெத்தல எச்சி துப்புனா தெரியாது" என்பாள் புத்தகத்திடம்.

கனத்த உடம்பு. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் கம்பி, மறுபக்கம் நூல். பழைய புத்தகம் எதைப் பிரித்தாலும் மூன்று தும்மல் போடுவாள். லைப்ரரி வேலைக்கு வந்தவளுக்குப் புத்தகத் தூசி ஆகாது என்பதை முதலில் சொல்லிச் சிரிப்பவளும் அவள்தான். "பெங்களூர்ல கத்துகினதுல பாதி தும்மல்லயே பூடுச்சி. மீதிக்குத்தான் சர்ட்டிபிகேட் குடுத்தாங்க."

பயிற்சி முடிந்து வந்த புதிதில் அவள் இப்படிப் பேசவில்லை. புத்தகம் சொன்னதை அப்படியே செய்தாள். புன்முறுவலில் ஆரம்பித்தாள். நாலாம் நாள் பென்ஷன்காரர் சின்னப்பா, "இன்னாம்மா, பல்லு வலியா? ராபர்ட்சன்பேட்டையில நல்ல டாக்டர் கீறாரு" என்று விலாசம் சொன்னார். அடுத்தது, அலமாரிகளின் பூட்டைக் கழற்றி, புத்தகங்களை வாசகர் கையாலேயே எடுக்கவிட்டாள். ஒரே மாதத்தில் சமையல் புத்தகம் சட்டத்தோடும், பிரசவ வைத்தியம் மல்யுத்தத்தோடும் குடித்தனம் நடத்தின. எடுத்தவர்களும் அதே பழைய பத்துப் பேர்தான்.

'வராத வாசகரைத் தேடிப்போய், ஏன் வருவதில்லை என்று கேளுங்கள்' என்றது அடுத்த அத்தியாயம். லூயிசா கேட்கத்தான் போனாள். நைட் ஷிஃப்ட் முடிந்து, சுரங்கத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வருகிற நேரமாகப் பார்த்து ஷாஃப்ட் கேட்டில் குடையோடு நின்றாள். உடம்பெல்லாம் சேறும் புழுதியுமாக வந்தவர்களிடம், "ஏம்பா, யாரும் லைப்ரரிக்கு வர்றதில்ல?" என்றாள். ஒருவன் நின்று பதில் சொன்னான்: "நீங்க தொறக்கற நேரத்துல நாங்க தூங்கிகினோ கீழ எறங்கிகினோ கீறோம். நாங்க மேல வர்ற நேரத்துல நீங்க பூட்டு போட்டுகினு கீறீங்க. நாம எங்க பாத்துக்கறது?"

இதைவிடத் தெளிவாக அந்தக் குளிர்தேசத்துக்காரர்கூடச் சொல்லியிருக்க முடியாது. மறுவாரமே காலையிலும் வாசகசாலையைத் திறந்தாள். ஆட்கள் வந்தார்கள். ஒரு வாரத்தில் நாற்காலி போதவில்லை. பங்காருபேட்டையிலிருந்த தங்கைக்கு, தான் ஒரு நவீன நூலகர் ஆகிவிட்டதாகச் சொல்லி அனுப்பினாள்.

பிறகுதான் கவனித்தாள். வந்தவர்கள் பேப்பரை விரிப்பார்கள். ஒரு பக்கம் பார்ப்பார்கள். அதன்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவார்கள். மத்தியானம் எழுந்து, முகத்தில் அச்சு மையோடு வீட்டுக்குப் போவார்கள். லூயிசா புத்தகத்தின் கடைசியில் இருந்த சொல்லடைவைப் புரட்டினாள். ஷெல்ஃப் இருந்தது, ஸ்டாஃப் இருந்தது, ஸ்டாம்ப்கூட இருந்தது. ஸ்லீப் இல்லை. "இம்மாம் பெரிய புக்கு எழுதுனீங்களே, தூங்கற வாசகருக்கு ஒரு அத்தியாயம் எழுதத் தோணலியே சார்" என்றாள்.

எழுப்பித்தான் ஆகவேண்டும் என்று ஒருநாள் துணிந்தாள். மூலை மேசையில் தூங்கியவன் தங்கவேலு, சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில்லிங் மிஷின் பிடிப்பவன். அவன் காதருகே மேசையைத் தட்டினாள். அவன் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். "பிளாஸ்டிங்கா? வெடி வெச்சிட்டாங்களா?" என்றான். லைப்ரரி என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு உட்கார்ந்தான்.

"வூட்ல ஒரே ரூமுக்கா. கைக்கொழந்த கீது, பகல்ல கண்ண மூட உடாது. மேல தகரம் வேற காயுது. போன வாரம் கீழ லெவல்ல மிஷின புடிச்சிகினே கண்ணு சொருகிடுச்சி. பக்கத்துல இருந்தவன் காலரப் புடிச்சி இழுத்தான். இல்லன்னா நான் இன்னிக்கி இங்க இல்ல." கொஞ்சம் தயங்கி, "பூடட்டுமாக்கா?" என்றான்.

லூயிசா கசங்கிய பேப்பரை நேராக்கி அவன் முன்னால் வைத்தாள். "படுப்பா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து காலை வேளையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பாள். தும்மல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடுவாள். உடம்பைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடுவது அந்த ஒன்றுக்குத்தான்.

ஒரு நாள் காலை, தோளில் குழந்தையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். தங்கவேலுவின் மனைவி குணசுந்தரி. குரலில் சந்தேகம் இருந்தது.

"இன்னாக்கா, எங்க வூட்டுக்காரரு தெனமும் இங்கதான் படிக்கிறாராமே?"

"ஆமாம்மா."

"அவருக்கு எழுத்தே தெரியாதேக்கா."

லூயிசா மூலையைக் காட்டினாள். வாய் லேசாகத் திறந்திருக்க, பேப்பர்மேல் தங்கவேலு தூங்கிக்கொண்டிருந்தான். குணசுந்தரி வெகுநேரம் பார்த்தாள். "இந்த மாரி தூங்கி எவ்ளோ நாளாச்சி" என்றாள் மெதுவாக. சண்டைக்கு வந்தவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றை லூயிசா பக்கம் பக்கமாகக் கிழித்து, ஊசிநூலால் தைத்து வைத்திருந்தாள். காணாமற்போன மருமகளைப் பற்றிய கதை. குணசுந்தரி அதை எடுத்தாள். நாலாம் வகுப்பு வரை போனவள், வாய்விட்டுத்தான் படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டி, தாழ்ந்த குரலில் படிக்க ஆரம்பித்தாள். வாசிப்பறையில் சத்தமாகப் படிப்பதைப் பற்றிப் புத்தகம் கடுமையாகவே எழுதியிருக்கிறது. தடுக்கத்தான் லூயிசா எழுந்தாள். நடந்து போவதற்குள் கதை நல்ல இடத்துக்கு வந்துவிட்டது. நின்று கேட்டாள். மறுநாளும் குணசுந்தரி வந்தாள். அதற்கடுத்த நாளும்.

இந்தச் சமயத்தில்தான் வாசகசாலையை நடத்தும் கமிட்டியில் பேச்சு அடிபட்டது. வாசகசாலையில் ஒருவரும் படிப்பதில்லை, அந்த அறையை அரிசிக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று. அறை கடைக்குப் போகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாம். ஏன் போகவில்லை என்று கேட்டால் லூயிசா, "எலி ஜாஸ்தி, கடக்காரன் வேணாம்னுட்டான்" என்பாள். நடந்தது வேறு.

கமிட்டிச் செயலாளர் முனிரத்தினம் ஒரு நாள் காலை அறையை அளக்க டேப்போடு வந்தார். பல வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். உள்ளே வரிசையாகக் கவிழ்ந்து கிடந்த தலைகளைப் பார்த்துத் திகைத்தார்.

"இன்னாம்மா இது? லைப்ரரியா, சத்திரமா?"

"மாடர்ன் லைப்ரரி சார். புக்கு மட்டுந்தான் முழிச்சிகினு கீது."

"நான் கமிட்டில இன்னான்னு போயி சொல்றது?"

"லூயிசா பெங்களூரு வரைக்கும் போயி, ஆளுங்கள தூங்க வைக்கக் கத்துகினு வந்தான்னு சொல்லுங்க. பொய்யில்லயே."

சிரிக்கத்தான் நினைத்தாள். உதடு கோணிக்கொண்டது. கேலி செய்ய அவளுக்குத் தன் உடம்பு இருந்தது, தும்மல் இருந்தது, சர்ட்டிபிகேட் இருந்தது. இந்த அறையை விட்டால் போக இடம்தான் இல்லை.

முனிரத்தினம் வேறுபக்கம் பார்த்துக்கொண்டே டேப்பின் நுனியை அவளிடம் நீட்டினார். "சுவத்தாண்ட புடிச்சிகினு நில்லும்மா." அவள் வாங்கிக்கொண்டு குணசுந்தரியின் நாற்காலிக்குப் பின்னால், சுவரோடு நின்றாள். அவர் தூங்குகிறவர்களின் கால்களுக்கு நடுவே டேப்பை இழுத்துக்கொண்டு எதிர்ச்சுவரை நோக்கி நடந்தார். படித்துக்கொண்டிருந்த குணசுந்தரி, செயலாளர் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டாள்.

மில் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பறம்?" என்றது ஒரு குரல். நடு மேசையில், மடக்கிய கைக்குள் முகம் புதைத்துக் கிடந்தவன். கண்ணைத் திறக்கவில்லை.

"கெணத்தாண்ட போனாளே, அப்பறம் இன்னா ஆச்சி?" என்றது ஜன்னலோரத்துத் தலை. பின்வரிசையில் இன்னொருவன், அசையாமல், "படிம்மா" என்றான். தங்கவேலு மட்டும் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தான்.

முனிரத்தினம் பாதி அறையில் நின்றுவிட்டார். அளக்கவுமில்லை, நகரவுமில்லை. குணசுந்தரி பயத்தோடு ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பக்கத்தின் கடைசி வரிவரை படித்து முடித்தாள். ஒரு கை குழந்தையின் கழுத்துக்கடியில் இருந்தது. மறு கை அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. அறை காத்திருந்தது.

லூயிசா டேப்பின் நுனியைக் கீழே விட்டுவிட்டு, குனிந்து, மேசைமேல் விரிந்திருந்த பக்கத்தை அவளுக்காகப் புரட்டிவிட்டாள்.