கோபுரத்தைவிட உயரமான டவர்

மலேசியாவில், பாடாங் செராய் அருகே எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலுக்கு நான் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கைப்பேசி நிறுவனத்தார் டவர் கட்டக் கோயில் நிலத்தில் இடம் கேட்டார்கள். கோபுரத்தைவிட உயரமாக எதுவும் நிற்கக்கூடாதென்று, யாரையும் கேட்காமல் அவர்களை விரட்டினேன்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுச் சரசுவுக்கு நெஞ்சுவலி. எவருடைய கைப்பேசியிலும் லைன் இல்லை. அவள் கணவன் மாணிக்கம் மோட்டார் சைக்கிளில் பெரிய சாலைவரை போய்த்தான் ஆம்புலன்ஸை அழைத்தான். அவள் பிழைத்தது அதிர்ஷ்டம்.

மருத்துவமனைக்குப் பழங்களோடு போனேன்.

"கோபுரத்தக் காப்பாத்திட்டீங்கல்ல வாத்தியாரே, இங்க என்ன வேல? வீட்டுக்குப் போங்க லா," என்றான் மாணிக்கம்.

நிறுவனத்துக்கு நானே மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. இப்போதெல்லாம் எதையும் மறுக்குமுன் வீடுவீடாகப் போய்க் கேட்கிறேன். முதலில் மாணிக்கத்தின் கதவைத்தான் தட்டுகிறேன். அவன் இன்னும் திறக்கவில்லை.