பின்பக்கத்து முத்திரை

பாக்கியரத்தினம் மூதூர் லோஞ்சுப் படகின் கயிற்றை ஒற்றைக் கையாலேதான் பிடிப்பார். லோஞ்சு திருகோணமலை இறங்குதுறையை நெருங்கி, முன்னால் நிற்பவர் கயிற்றை வீசும்போது துறையில் நிற்கும் அவருடைய வலது கை மட்டும் மேலே போகும். இடது கை சேட்டுப் பையின் மேல் அப்படியே இருக்கும். புதிதாக வருகிற பயணிகள் சிலர் பயந்துபோய், "ஐயா, நெஞ்சு நோகுதோ?" என்று கேட்பதுண்டு. "நெஞ்சில்லை, ஐசி" என்பார், கயிற்றைக் கட்டையில் சுற்றியபடி.

அடையாள அட்டையைத்தான் சொல்கிறார். அவருடைய எல்லாச் சேட்டுப் பைகளுக்கும் மூடியும் அதைப் பூட்ட இரண்டு தெறிகளும் உண்டு; மனைவி பூரணி தைத்துக் கொடுத்தவை. கிணற்றடியில் குளிக்கும்போது அட்டை பொலித்தீன் பையில் கொடிக்கயிற்றில் தொங்கும். சவர்க்கார நுரை கண்ணில் எரிந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து அதைப் பார்த்துக்கொள்வார். "ஐசி இருந்தால்தான் ஆள். இல்லாட்டி ஆள் இல்லை" என்று, மழை வரும்போலக் கிடக்கு என்று சொல்கிற அதே குரலில் சொல்வார். லோஞ்சுக்காரர்கள் எதையும் பகிடி பண்ணுகிறவர்கள். இதை மட்டும் பண்ணமாட்டார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு அவரும் தம்பி அருளம்பலமும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வெளியில் போட்டுப் போகிற நல்ல சேட்டு இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். ஒருநாள் நிலாவெளியில் ஒரு செத்த வீட்டுக்கு அதைப் பாக்கியரத்தினம் மாட்டிக்கொண்டு போனார். திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை. பைக்குள் கையை விட்டார், இரண்டு அட்டைகள் வந்தன. ஒன்று தம்பியுடையது. அந்த நேரம் பாண் வாங்கப் போன தம்பியைச் சந்தியில் மறித்து, அட்டை இல்லையென்று ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஏழு வருடமாகிறது. தம்பியின் அட்டை அலுமாரியில் இருக்கிறது.

அப்படிப்பட்ட மனிதர் போன மாதம் கொழும்புக்குச் சுற்றுலா போனதே அதிசயம். லோஞ்சு ஊழியர்களின் நலன்புரிச் சங்கம் பஸ் பிடித்தது. மிருகக்காட்சிச்சாலை, கடற்கரை, அதோடு ஒரு தொலைக்காட்சி நிலையம். பூரணிக்குத் தமிழ்ச் செய்தி வாசிக்கும் மேசையைப் பார்க்க வேண்டும். கலியாணம் முடித்து இருபது வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். எப்படி மறுப்பது?

நிலையத்தின் வாசலில் காவலாளி கையை நீட்டினார். "ஐசி குடுங்க, பாஸ் எடுங்க." உள்ளே போகிறவர்களின் அட்டை வாசலில் இருக்க வேண்டுமாம். பாக்கியரத்தினம் பையைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். லோஞ்சில் ரிக்கற் கொடுக்கும் லாபிர், சிங்களம் நன்றாகப் பேசுகிறவர், "குடுங்க அண்ணன், வரக்குள்ள தருவாங்க" என்றார். பூரணி வாசலுக்குள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கொடுத்துவிட்டார்.

உள்ளே அவர் எதைப் பார்த்தார் என்று கேட்டால் கதவுகளைச் சொல்வார். பூரணி மற்றதெல்லாவற்றையும் பார்த்தாள். ரீவியில் அவ்வளவு பெரிதாகத் தெரிகிற மேசை நம்முடைய குசினி மேசையளவுதான். பின்னால் தெரியும் நகரம் வெறும் பலகை. வந்தவர்களை ஒவ்வொருவராகக் கதிரையில் இருத்தி, உடனே படம் வருகிற கமராவால் எடுத்தார்கள். "சிரியுங்கோவன்" என்றாள் பூரணி. படம் கடைசியில் நினைவுப்பொருள் கடையில் கிடைக்கும் என்றார்கள்.

அந்தக் கடையில்தான் வில்லங்கம். சின்னம் பொறித்த கோப்பைகளும் குடைகளும் வைத்த அறைக்குள் எல்லோரையும் விட்டு, பாஸை ஒரு கூடையில் போடச் சொல்லி, வந்த கதவைப் பூட்டிவிட்டார்கள். மற்றக் கதவு பின் ஒழுங்கையில் திறந்தது. அவரவர் நேரில் வாங்க வேண்டிய அட்டைகள் இருக்கும் முன்வாசலுக்கு ஒழுங்கையால் சுற்றிப் போக வேண்டும். நடுவில், மண்மூட்டை அடுக்கிய பொலிஸ் காவலரண்.

"எல்லாரும் ஒண்டாப் போனா ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார் லாபிர். எல்லோரும் ஒன்றாகப் போனார்கள். பாக்கியரத்தினம் கோப்பை அடுக்கியிருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நீர் போம் பூரணி. என்னால ஏலாது." அவள் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் கடையில் அவர்கள் இருவரும் மட்டும்தான்.

விற்பனைப் பெண்ணின் பெயர் ஸல்ஹா, சட்டையில் குத்தியிருந்தது. தமிழ் பேசினாள். "படம் எடுக்கல்லயா அங்கிள்?" என்று ஒரு படத்தை நீட்டினாள். செய்தி மேசையில் அவரே இருந்தார். அதை வாங்கிப் பார்த்தவருக்கு ஒன்று தோன்றியது. நம்மவர்களுக்குத்தான் அது தோன்றும். கிராம அதிகாரியான விதானையாரிடம் அத்தாட்சிக் கடிதம் எடுத்து எடுத்துப் பழகிய மூளை.

"பிள்ளை, இதுக்குப் பின்னால ஒரு சீல் அடிச்சுத் தாங்கோ. பேரும் திகதியும் எழுதி."

"என்னத்துக்கு?"

"இது நான்தான் எண்டு."

"நீங்கதானே நிக்கிறீங்க?"

அவர் படத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு கடையின் முத்திரையை எடுத்து அழுத்தினாள். மை மங்கல். கேட்காமலே இன்னொரு தரம் அழுத்தி, பெயரைக் கேட்டு எழுதி, ஒப்பமும் வைத்தாள்.

படத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடி அவர் நடந்தார். பூரணி பக்கத்தில். காவலரணில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். படத்தை வாங்கினார், திருப்பினார், முத்திரையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். "நியூஸ்?" என்றார். என்ன கேட்கிறார் என்று பாக்கியரத்தினத்துக்கு விளங்கவில்லை. "ஓம்" என்றார். பொலிஸ்காரர் சிரித்து, போகச் சொன்னார்.

முன்வாசலில் திரும்ப வாங்கிய அட்டையை அவர் பஸ்ஸில் பைக்குள் வைத்து இரண்டு தெறிகளையும் பூட்டினார். பூரணி படத்தை வாங்கிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, கையைப் பாருங்கோவன். வெறும் பையை என்னத்துக்குப் பொத்திக்கொண்டிருக்கிறியள்?" உண்மைதான். படத்தில் இடது கை நெஞ்சில் இருந்தது.

அவர் வெகுநேரம் பார்த்தார். "தம்பியும் அண்டைக்குச் சந்தியில நிண்டு இப்பிடித்தான் தடவியிருப்பான்" என்றார்.

படத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று பூரணிக்கு ஆசை. அவர் கொடுக்கவில்லை. இப்போது அது அட்டையோடு பைக்குள் இருக்கிறது. காலையில் இறங்குதுறைச் சோதனையில் கடற்படைக்காரர் அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, போ என்று தலையை ஆட்டுவார். பாக்கியரத்தினம் போகமாட்டார். படத்தை எடுத்து, முத்திரை மேலே வரும்படி திருப்பி, கடற்படைக்காரர் அதையும் பார்க்கும்வரை நீட்டிக்கொண்டே நிற்பார்.