பொன்னுருக்குக்குப் பிறகு ஒரு ரக்பி ஆட்டம்

நான் எழுதுவதில் பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழ்தான் என்னிடம் உள்ளது. நினைவும் முன்னைப்போல இல்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்லக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளில் நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். கண்டியில் படிக்கும்போதே ரக்பியில் பெயர் எடுத்து, இலங்கை அணிக்கும் ஆடியவர். இங்கே பகலில் கார் ரயர் கிடங்கில் வேலை, பின்னேரத்தில் பயிற்சி. அந்தக் காலத்தில் ரக்பிக்குச் சம்பளம் கிடையாது, நாட்டுக்காக ஆடினாலும் கிடையாது. "காசும் தராமல் கை காலை முறிக்கிறாங்கள், நீரும் சிரிச்சுக்கொண்டு போறீர்" என்று அம்மா பகிடி பண்ணுவார்.

கனடா அணிக்கு ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். வயது முப்பதைத் தாண்டியது. கலியாணம் பேசி முடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கலியாணம் என்றால், வியாழக்கிழமை எங்கள் குசினி அடுப்பில் தாலிக்குப் பொன்னுருக்கினார்கள். அன்று பின்னேரமே தொலைபேசி அடித்தது. கனடா அணியில் ஒருவருக்குத் தோள் கழன்றுவிட்டதாம். சனிக்கிழமை ரொறன்ரோவிலேயே வெளிநாட்டு அணியோடு ஆட்டம். வர முடியுமா?

பொன்னுருக்கிய பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே போகக் கூடாது, ஒருவரையொருவர் பார்க்கவும் கூடாது. அம்மா ஒரே பிடியாக நின்றார்.

"மாப்பிள்ளை வாசல் படலை தாண்டப்படாது."

"இஞ்ச எங்கையப்பா படலை? லிஃப்ட் தானே கிடக்கு" என்றார் அப்பா.

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

கடைசியில் தன் அண்ணன் வீட்டில் இருந்த மணப்பெண்ணே எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் அப்போதே அவரைச் சித்தி என்றுதான் கூப்பிடுவேன். அம்மாவோடு ஒட்டி நின்ற எனக்கும் கேட்டது.

"அவரை விடுங்கோ அக்கா. இப்ப மறிச்சால் காலம் முழுக்க நான்தான் அந்தக் கதை கேக்கோணும். நானும் வருவன். பாக்க மாட்டன், காருக்குள்ள இருப்பன்."

"பாக்காமல் இருக்கிறதுக்கு அங்க ஏன் போறீர்?"

அப்படிக் கேட்டாலும் அம்மா இறங்கிவந்தார். சித்தி திரும்பிப் பார்க்காமல் காவல் காப்பது என் வேலை என்று ஏற்பாடாயிற்று.

சித்தியின் அண்ணன் காரை மைதானத்துக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டு அப்பாவோடு ஆட்டம் பார்க்கப் போய்விட்டார். சித்தி முன்னால் இருந்த மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காருக்கும் கயிற்று வேலிக்கும் இடையே ஓடினேன். எனக்கோ ஆட்டம் விளங்காது.

"இப்ப என்ன செய்யிறார்?"

"குனிஞ்சு ரெண்டு பேரின்ர இடுப்புக்குள்ள தலையை விட்டிருக்கிறார்."

"ஏன்?"

"தெரியாது. எல்லாரும் அப்பிடித்தான் நிக்கினம்."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆட்டம் முடியும் நேரம். இரண்டு பக்கமும் சரிசமம் என்று யாரோ சொன்னார்கள். சித்தப்பாவின் மேல் ஒரு குவியலாக ஆட்கள் விழுந்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள், அவர் எழவில்லை. ஓடிவந்து சொன்னேன். சித்தி கதவைத் திறந்தார். "பாக்கக் கூடாது சித்தி" என்று சேலைத்தலைப்பைப் பிடித்தேன். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கயிறுவரை போய் நிமிர்ந்து நின்றார். அந்தக் கூட்டத்தில் சேலை கட்டியவர் அவர் ஒருவர்தான்.

சித்தப்பா முழங்காலில் நிமிர்ந்து எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார். நெற்றியில் இரத்தம். துணி சுற்றிவிட்டார்கள். எழுந்தார். கொஞ்ச நேரத்தில் பந்து அவர் கைக்கு வந்தது. எங்கள் கண் முன்னால் ஓரத்தால் ஓடினார். பின்னால் இழுத்துத் தொங்கியவர்களையும் சேர்த்துக்கொண்டு கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்தார். அதில் கிடைத்த புள்ளியால் கனடா வென்றது. அப்பா முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

மறுநாள் மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குக் கீழே தையல் போட்ட நெற்றி. பார்த்துவிட்டார்களே, கலியாணத்துக்கு என்ன ஆகுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பெண்ணின் முகத்திரையை விலக்கியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். காயத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். விழுந்து கிடந்தவர் எதைப் பார்த்து எழுந்தார் என்று யோசிக்கிற வயது அப்போது எனக்கு வரவில்லை.

கனடாவுக்காக அவர் ஆடியது அந்த ஒரு ஆட்டம்தான். எதிரணி எந்த நாடு, கடைசியில் எத்தனைக்கு எத்தனை என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அன்று அங்கே நின்ற யாராவது இதை வாசித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். சித்தியைக் கேட்டுப் பயனில்லை. தான் காருக்குள்தான் இருந்தேன் என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.