ஐஸ் தட்டில் வைத்த சீரம்

கொட்டச்சேடு பஸ்ஸிலிருந்து இறங்கிய, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்தான் சொன்னார். "ஏனுங்க, நம்ம ஞானம் சிஸ்டர் தவறிட்டாங்களாமுங்க." ஏற்காட்டு மிஷன் மருந்தகத்தில் பதினோரு ஆண்டுகள் அந்த நர்ஸம்மாவின் கீழ் லேப் வேலை பார்த்தவன் நான். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவரிடம் ஒரு கேள்வி கேட்காமலே விட்டுவிட்டேன்.

அவருடைய கோபம் ஊருக்கே தெரியும். மிஞ்சிய காப்ஸ்யூலை மிளகு டப்பாவில் போட்டு வைத்து, அடுத்த காய்ச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்கு இரண்டு கொடுப்பது எஸ்டேட் லைன் வீடுகளில் வழக்கம். "ரெண்டு முழுங்குனா கிருமி சாவாதுங்க, மருந்துக்குப் பழகிக்கும்!" என்று கத்துவார். யார் கேட்டார்கள்? எண்பதுகளின் கடைசியில் டைபாய்டுக்கு வழக்கமான காப்ஸ்யூல் பலிக்காமல் போனது.

"மாத்தரையெல்லாம் ஒருநாள் கைய விரிச்சுரும் கண்ணு. அப்பறம் ரத்தத்துல இருந்து எடுக்கற மருந்துதான் கதி," என்றார். குதிரைக்குக் கிருமியின் நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கும் சீரத்தைத்தான் சொன்னார். தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவுக்கான அந்தச் சீரம் எங்களிடம் நான்கு ஆம்ப்யூல், நான்கே கண்ணாடிக் குப்பி, இருந்தது. கடிதம் எழுதி எழுதி, "இருப்பில்லை" என்ற பதிலே வந்து, கடைசியில் அவரே சேலத்துக்குப் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தது.

அந்த மழைக்காலத்தில் மாரமங்கலத்திலிருந்து ஒரு தாய் தன் ஐந்து வயது மகளைத் தூக்கி வந்தார். தொண்டையில் சாம்பல் நிறத் தோல் படர்ந்திருந்தது. "டப்பாவுல இருந்த மாத்தரைய மூணு நாளா குடுத்தனுங்க, நொம்ப மோசமாயிருச்சுங்க," என்றார். பென்சிலின் கிருமியைக் கொல்லும். உடம்பில் இறங்கிவிட்ட நஞ்சைச் சீரம்தான் முறிக்கும். சிஸ்டர் ஃபிரிட்ஜைத் திறந்தார். நான்கு ஆம்ப்யூலும் உறைந்து வெடித்திருந்தன. கரண்டு போனாலும் குளிர் தங்கட்டும் என்று முந்தின நாள் அவற்றை மேலே ஐஸ் உறையும் தட்டுக்கு மாற்றியவன் நான்.

ஜீப்பில் சேலத்துக்கு விரைந்தோம். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் குழந்தையின் மூச்சு நின்றுவிட்டது.

'மின்தடையால் சீரம் கெட்டது' என்று சிஸ்டர் பதிவேட்டில் எழுதினார். நான் வாய் திறக்கப் போனேன். "உடு சாமி. உன்னய அனுப்பிச்சுட்டா இங்க ரத்தம் பாக்கறதுக்கு யாரு இருக்கறா? போயி வேலையப் பாரு," என்றார். மிளகு டப்பாவுக்காக அத்தனை தாய்மாரைத் திட்டியவர், என்னை மட்டும் ஏன் திட்டவில்லை? கேட்காமல் விட்டது இதைத்தான்.

அந்தத் தாய் இன்றும் சந்தையில் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார். கரண்டு ஆபீஸைத்தான் சபிக்கிறார். சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது பதிவேட்டில் எழுதிய அந்த ஒரு வரிதான். அதை இனியும் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. நாளைக் காலை மாரமங்கலத்துக்கு பஸ் ஏறப் போகிறேன். அந்த வாரம் கரண்டு போகவே இல்லை.