சூரியநெல்லிக்குக் கொண்டுபோன ஜெர்சி

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தவன் எழுதும் பயணக் கட்டுரையை யார் படிப்பார்கள்? பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். மற்றதற்குச் சிரிப்பு வராது.

திருப்பூரில் விளையாட்டு உடை தைக்கும் கம்பெனியில் எனக்கு சாம்பிள் கட்டிங் வேலை. இந்த முறை நாட்டின் தடகள அணிக்கு உடை. டிசைனர் அக்கா "ஸ்டைலா வேணும்டா" என்று பத்து மாதிரி வரைந்தார். எதுவும் எடுபடவில்லை. என் கூட்டாளி சுந்தர் சூரியநெல்லியிலிருந்து அனுப்பிய தேயிலைச் சரிவு போட்டோவைக் காட்டினேன். அந்த வரிசைகள்தான் நீல ஜெர்சியில் தோளிலிருந்து சாயும் பச்சைக் கோடுகளாயின. சுந்தரும் அணியில் இருந்தான். முதல் ஜெர்சியே அவன் அளவுதான், முதுகில் அவன் பெயரோடு.

அளவு கொடுக்க வந்தபோது, நெஞ்சுக்குக் குறுக்கே வெட்டிக் கிடந்த பழைய ஆர்டர் ஜெர்சிகளைப் பார்த்து "இது என்னலே?" என்றான்.

"டீம்ல இருந்து தூக்குன ஆளுகளோடது. வெளிய விக்கக் கூடாதுன்னு வெட்டிருவோம். நீ ஒழுங்கா ஓடு."

சிரித்தான். அடுத்த மாதம் தொடைத் தசை கிழிந்து வீட்டுக்குப் போனான். போன வியாழக்கிழமை கம்பெனிக்குப் புதிய பட்டியல் வந்தது. அவன் பெயர் இல்லை. கத்தரி என் கையில். நெஞ்சில் வைக்க மனம் வரவில்லை; பக்கத் தையலோரமாக வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை 5.40. மீனாட்சிபுரத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலை வழியாக மூணாறு பஸ்.

9.30, கேரள எல்லையில் சின்னாறு சோதனைச் சாவடி. காவலர் பையைத் திறந்தார். "இந்தியா டீமோ? நீ ஓடுமா?"

"பஸ்ஸு போச்சுன்னா ஓடுவேனுங்க சேட்டா."

மூணாறில் டீ பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து இன்னொரு பஸ்.

மதியம் 1.45, சூரியநெல்லி. தோட்டத் தொழிலாளர் லயத்தில், வீட்டு வாசலில் சுந்தர் மெதுவாக நடை பழகிக்கொண்டிருந்தான்.

"நீ நடக்கறதப் பாத்து அட்டையெல்லாம் முந்திட்டுப் போகுது பாரு" என்றேன்.

"போலே. அடுத்த வாரம் ஓடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. கேம்ப்ல இருந்து ஒரு தகவலும் இல்ல. உனக்கு எதும் தெரியுமா?"

"எனக்குக் கத்தரி புடிக்கத்தான் தெரியும்."

அவன் அம்மா பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்தார். "டீம் சட்டைக்கு முழுக்கை வச்சுத் தைக்கக் கூடாதா தம்பி? போற ஊர்ல குளிருமே."

சாயா நன்றாகச் சூடாக இருந்தது. கண் கலங்கியதற்கு அதையே காரணம் சொன்னேன். பையிலிருந்த ஜெர்சிப் பொட்டலத்தை அவன் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே 3.30 பஸ்ஸில் ஏறினேன்.

எங்கள் ஊர் சமவெளி. ஒருவன் வருவது அரை மைலுக்கு முன்பே தெரியும். இங்கே ஒவ்வொரு வளைவும் அடுத்ததை மறைத்துவிடுகிறது. தேவிகுளத்தில் சிக்னல் கிடைத்ததும், "தலகாணிக்கடில பாரு. திட்டறதுன்னா திட்டிரு" என்று அனுப்பினேன்.

மூணாறு வரும்வரை பதில் இல்லை. பஸ் நிலையத்தில் இறங்கும்போது வந்தது:

"தையல்லதான வெட்டிருக்க, அம்மா தச்சுத் தந்துருவாங்கலே."