மூன்றாம் செயலாளர் போட்ட கையெழுத்து

மூசே என்பது அவருடைய பெயர் அல்ல. ஆறு வருடமாக வாராவாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விண்வெளித் தொடரில், எங்கேயோ இருக்கும் ஒரு கோளில், பூமியின் தூதரகத்தில் அவர் மூன்றாம் செயலாளர். வசனத் தாளில் அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் வைக்க யாருக்கும் பொறுமை இல்லை. ‘மூ.செ.’ என்று சுருக்கி எழுதினார்கள். படப்பிடிப்பில் எல்லோரும் மூசே என்று கூப்பிட, அது வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

அங்கே அவருக்கு என்ன வேலை என்று கேட்டால், தூதருக்குப் பின்னால் இடது பக்கம் கோப்போடு நிற்பது. தூதர் கையை நீட்டினால் கோப்பைக் கொடுப்பது, திருப்பி நீட்டினால் வாங்கிக்கொள்வது. இரண்டு நெற்றி வைத்த அந்தக் கோளின் அரசி கோபப்பட்டால் கவலையாகப் பார்ப்பது. ஆறு வருடத்தில் அவர் வாய் திறந்து பேசியது பதினோரு வசனம். அதில் ஏழு, ‘குறித்துக்கொண்டேன், மேன்மை தங்கியவரே.’ மிச்சம் நாலில் ஒன்று தும்மல்.

அதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். படப்பிடிப்பில் நடிகர்களுக்குக் கண்ணாடி பிரேம்களைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லி முதலாளி அனுப்பினார். காட்டிவிட்டுக் கடைக்குத் திரும்ப வேண்டிய மனுஷன், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டார். இயக்குநர் பார்த்தார். “இந்தாளு நல்லா நிக்கிறாருய்யா” என்றார். இன்றுவரை அவரை யாரும் அதற்கு மேல் பாராட்டியதில்லை. அவரும் அதற்கு மேல் எதையும் செய்ததில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். பிள்ளைகள் வைத்த பெயர் வேனம்மா. காலையில் மூன்று நடையாக அறுபத்திரண்டு பிள்ளை, மாலையில் அதே அறுபத்திரண்டு. வாசலில் நிற்கும் தாயோ தகப்பனோ பிள்ளையின் கையைப் பிடித்த பிறகுதான் இவள் தன் கையை எடுப்பாள். மழையானாலும் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தாலும் இதுதான் அவள் வழக்கம். பதினாறு வருடத்தில் ஒரு பிள்ளை தவறியதில்லை. தொலைக்காட்சியில் அவள் முகம் வந்ததும் இல்லை.

கட்டிக்கொண்டவரை அவள் முதலில் பொறுத்துக்கொண்டாள். பிறகு சகித்துக்கொண்டாள். பொறுப்பதற்கும் சகிப்பதற்கும் நடுவில் ஒரு தண்ணீர்க்குழாய் இருந்தது. மூன்று மாதமாக ஒழுகியது. எப்போது கேட்டாலும், “பரிசீலனையில இருக்கு” என்பார். மாடி வீட்டுக்காரன் இவர்கள் துணிமேல் அழுக்குத் தண்ணீரை ஊற்றி, இவளோடு சண்டைக்கு வந்தபோது இந்த மனுஷன் நடுவில் வந்து, “இரு தரப்பும் நிதானம் காக்கணும்” என்றார். ஒரு தரப்பு தன் பெண்டாட்டி என்பதே அவருக்கு நினைவில்லை. உள்ளூரில் ஓணான் பிடிக்கத் தெரியாதவன் வெளியூரில் உடும்பு பிடிக்கப் போனானாம். இவர் வேறு கோளுக்கே போய்விட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்தான், தங்கையின் பிள்ளை விவகாரம் வரும்வரை.

வேனம்மாவின் தங்கை புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். அவன் தாய்தான் வீட்டில் எல்லாம். தங்கை மறுபடி வேலைக்குப் போகிறேன் என்று சொன்னாள். அதற்கு ஒரு வாரம் வாய்ச்சண்டை. கடைசியில் ஒருநாள், “போறதுன்னா நீ மட்டும் போ” என்று அந்த அம்மாள் மருமகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். நாலு வயதுப் பெண்குழந்தை உள்ளேயே நின்றுவிட்டது. கப்பலுக்குப் போன் போட்டால், “அம்மா சொல்றதைக் கேளு” என்றான் அந்தச் சூரன்.

பத்தொன்பது நாள் ஆயிற்று. தங்கை அக்கா வீட்டு முன்னறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். படியில் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் தலை நிமிரும். கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்காகும், அதற்குள் பிள்ளைக்கு அம்மா முகம் மறந்துவிடும் என்று அவளுக்குப் பயம். வேனம்மா ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தாள். குரல் ஏறியது, கதவு மறுபடி சாத்திக்கொண்டது. பிறகு அந்த மாமியாரிடமிருந்து ஒரு தகவல் வந்தது. “அந்தத் தொடர்ல வர்றவர் வந்தா, உக்காந்து பேசலாம்.”

அந்த அம்மாள் தொடரை ஒரு வாரம்கூட விட்டதில்லையாம்.

மூசேயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. யாரோ அழைத்து அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் பேச. படப்பிடிப்பிலிருந்து கழுத்து மூடிய சாம்பல்நிறக் கோட்டை இரவல் வாங்கி வந்தார். கோப்பும் வந்தது. தங்கை எழுந்து வந்து, “மாமா, வேற ஒண்ணும் வேண்டாம். நகை, துணிமணி எதுவும் கேக்காதீங்க. பாப்பாவை மட்டும் கூட்டிட்டு வந்துடுங்க” என்றாள். “குறிச்சுக்கிட்டேம்மா” என்றார்.

அவர் வெறுங்கையோடு திரும்பினால் மறுநாள் காலையில் ஆள் கூட்டிக்கொண்டு தானே போவதாக வேனம்மா சொல்லிவைத்திருந்தாள். ஆனாலும், ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, மனுஷன் உருப்படியாக எதையாவது செய்துவிடுவார் என்று நம்பத்தான் செய்தாள். அந்த நம்பிக்கைக்காகப் பிறகு அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று பள்ளி விடுமுறை. மத்தியானம் ஒரு மணிக்குப் போனவர் ஐந்து மணிக்கு வந்தார். படியில் ஒரே ஒரு ஜோடிக் காலடிச் சத்தம்தான் கேட்டது. தங்கை கதவைத் திறந்து அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

“பாப்பா எங்க மாமா?”

“பாப்பா நல்லா இருக்கா. பேச்சு ரொம்ப நல்ல சூழ்நிலையில நடந்துச்சு” என்று சொல்லி, கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். முத்து முத்தான கையெழுத்து. இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தாராம். தலைப்பு, ‘கூட்டறிக்கை.’

தங்கை தாளைத் தொடவில்லை. போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். வேனம்மாதான் எடுத்துப் படித்தாள்.

ஒன்று, குழந்தையின் நலனில் இரு தரப்புக்கும் ஆழ்ந்த அக்கறை உண்டு. இரண்டு, இரு தரப்பும் வெளிப்படையாகக் கருத்துப் பரிமாறிக்கொண்டன. மூன்று, அடுத்த சுற்றுப் பேச்சு இரு தரப்புக்கும் வசதியான ஒரு நாளில் நடக்கும். நான்கு, அதுவரை தற்போதைய நிலை தொடரும். கீழே மாமியார் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் இவர் கையெழுத்து, கீழே இரண்டு கோடு இழுத்து.

“இந்த நாலாவதுக்கு என்னங்க அர்த்தம்?”

“அது எல்லா ஒப்பந்தத்துலயும் கடைசியா வர்ற வரிதான். ஒரு முறைக்காகப் போடுறது.”

“தற்போதைய நிலைன்னா, பாப்பா அங்க, அம்மா இங்க. அதுதானே தொடரும்?”

மூசே தாளை வாங்கி ஒருமுறை படித்தார். தொடரில் நாற்பது ஒப்பந்தம் பார்த்தவர். நாற்பதிலும் அந்த வரி இருந்தது. அதற்கு ஓர் அர்த்தமும் இருக்கக்கூடும் என்று அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது போல. தொடரில் அடுத்தது ‘தொடரும்’ என்று எழுத்து வரும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே வீட்டுக்குப் போக முடியாமல் ஒரு பிள்ளை அங்கே நின்றுகொண்டிருந்தது.

“நாலு மணிநேரம் என்ன பண்ணீங்க?”

மறைக்கத் தெரியாத மனுஷன். அந்த ஒரு நல்ல குணமாவது இருந்தது. எல்லாவற்றையும் ஒப்பித்தார். அந்த அம்மாள் அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லிவைத்திருக்கிறாள். பதினைந்து பேர் வந்திருக்கிறார்கள். சாப்பாடு பலமாம். எல்லோரோடும் போட்டோ. அரசி போர் அறிவிக்கும் காட்சியை நடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதில் இவருக்கு வசனமே கிடையாது. தூதருடையதையும் சேர்த்து இவரே பேசியிருக்கிறார்.

“பாப்பாவும் பாத்தா. அவ ரொம்பச் சுட்டி. நான் போனதுமே ஓடிப்போய் ஷூவை எடுத்து மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னுட்டா. வலது காலுது இடதுல, இடது காலுது வலதுல. ‘போலாமா’ன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“குறித்துக்கொண்டேன், மேன்மை தங்கியவரேன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க.”

தங்கை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வேனம்மா அவரையே பார்த்தாள். இருபது வருடம் சோறு போட்டிருக்கிறோமே, எதற்கு என்று யோசித்தாள். அவருக்கோ அந்தப் பார்வை உறைக்கவில்லை. சொரணை இருந்தால்தானே உறைக்கும். மேலே சொல்லிக்கொண்டே போனார்.

“நாளைக்குக் காலையில நீ ஆள் கூட்டிக்கிட்டு நேர்ல வரப்போறேன்னு முறைப்படி தெரிவிச்சுட்டேன். சொல்லாம கொள்ளாம போய் நிக்கிறது மரபில்லை.”

“அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. உள்ள போய் யாருக்கோ போன் பண்ணாங்க. அப்புறம் துணி மடிக்க ஆரம்பிச்சாங்க. பாவம், வெளியூருக்குக் கிளம்புறாங்கபோல. மேஜையில தட்டெல்லாம் இருந்துச்சா, அவங்க பெட்டி மேல வச்சுத்தான் கையெழுத்தே போட்டேன்.”

வேனம்மா செருப்பைக்கூடத் தேடவில்லை. வாசலில் கிடந்த அவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். “இப்ப போறது சரியில்லை, நாளைக்குன்னு சொல்லியிருக்கேன்” என்று அவர் மாடிப்படியில் நின்று சொன்னது பின்னால் கேட்டது. முதலில் வந்த வாடகை வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். அந்த அம்மாளுக்கு மூன்று ஊரில் சொந்தம் உண்டு. ரயில் ஏறிவிட்டால் எந்த ஊர் என்று தேடுவது.

அவர்கள் வீடு மூன்றாம் மாடி. வேனம்மா மூச்சிரைக்க ஏறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் எதிர்ப்பட்டார்கள். முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பெட்டியோடு. பின்னால் மாமியார், அவள் கையைப் பிடித்தபடி பிள்ளை. பிள்ளை ஒவ்வொரு படியாகக் காலை அகட்டி அகட்டி வைத்து இறங்கிவந்தது. இன்னும் அதே ஷூ. இன்னும் மாறித்தான் இருந்தது.

மாமியார் பிடியை இறுக்கினாள். “என்னம்மா இது, நாளைக்கு வர்றதாத்தானே பேச்சு? உங்க வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்தே போட்டிருக்காரு. அடுத்து பேசுற வரைக்கும் இப்ப இருக்கிறபடியே இருக்கும்னு. என்கிட்ட தாள் இருக்கு.”

வேனம்மா பிள்ளையின் இன்னொரு கையைப் பிடித்து இழுக்கவில்லை. இரண்டு பக்கம் இழுத்தால் பிள்ளை பயந்து பாட்டியைத்தான் கட்டிக்கொள்ளும். அது அவள் தொழிலில் முதல் பாடம். ஒரு படி கீழே போய் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள்.

“ஷூ கடிக்குதாடா?”

பிள்ளை தலையை ஆட்டியது.

“மாத்திப் போட்டுட்டே. பெரியம்மா சரி பண்ணட்டுமா? காலைத் தூக்கு. விழுந்துடாம என் தோளைப் பிடிச்சுக்கோ.”

ஒற்றைக் காலில் நிற்க ஒரு கை போதவில்லை. பிள்ளை பாட்டியின் பிடியிலிருந்து கையை உருவி, இரண்டு கையாலும் பெரியம்மாவின் தோளைப் பற்றிக்கொண்டது. குதிகால் சிவந்து தோல் உரிந்திருந்தது. மாமியாரும் அதைப் பார்த்தாள். மத்தியானத்திலிருந்து கழற்ற விடாமல் அடம்பிடித்த பிள்ளை ஏன் அடம்பிடித்தது என்று கேட்க, பதினைந்து பேர் இருந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேனம்மா ஷூவை மாற்றவில்லை. இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

“தாள் இருக்கு என்கிட்ட” என்றாள் மாமியார் மேலிருந்து.

“கையெழுத்துப் போட்டவர் வீட்லதான் இருக்காரு. வந்து அவரைக் கூட்டிட்டுப் போங்க” என்றாள் வேனம்மா. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் தங்கை பிள்ளையை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அழுதாள், சிரித்தாள், குதிகாலுக்கு எண்ணெய் தடவினாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு பசிக்கிறது என்று சொன்னாள். வேனம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.

மூசே சாம்பல் கோட்டை இன்னும் கழற்றவில்லை. மாடி வீட்டுக்காரனிடம் ஜன்னல் வழியாக, “முதல் சுற்றுலயே நல்ல அடித்தளம் போட்டுட்டு வந்தேன், அதான் இவ போனதும் முடிஞ்சுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்து, பிள்ளையின் முன்னால் வந்து குனிந்தார்.

“பாப்பா, பெரியப்பாகூடப் பேச மாட்டியா?”

பிள்ளை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தங்கைக்கே சங்கடமாகிவிட்டது. என்ன இருந்தாலும் அக்கா புருஷன். இருப்பது அவர் வீட்டில்.

“பெரியப்பாடா. மத்தியானம் உன்னைப் பார்க்க வந்தாங்கல்ல?”

“பெரியப்பா வரல.”

“வந்தாங்களே கண்ணு, கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு?”

“இல்லம்மா” என்றது பிள்ளை, புரியாத அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கும் குரலில். “பெரியப்பா வருவாங்கன்னுதான் ஷூ போட்டுக்கிட்டு நின்னேன். வரவே இல்ல. டிவில வர்றவருதான் வந்தாரு.”