ஒரு தட்டு, இரண்டு தட்டு

பிலோமின்ராஜ் முப்பத்தோரு வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் குளித்தலைக்கும் இடையே ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மூன்று விசிலைத் தொலைத்த பிறகு நான்காவது வாங்கவில்லை. விரல் முட்டியால் பஸ்ஸின் தகரத்தைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. தை மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபின் அவரிடம் மிஞ்சியது இந்த இரண்டு சொல்தான். இடது கையால் கட்டில் சட்டத்தில் தட்டுவார்.

மேலப்புதூரில் அவர் வீட்டில் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முதல் நாளே டாக்டர் ஒரு விதியைச் சொல்லிவிட்டார்: தண்ணீராக எதுவும் தொண்டைக்குள் போகக் கூடாது. விழுங்கும்போது மூடவேண்டிய மூச்சு வழி அவருக்குச் சரியாக மூடுவதில்லை, நீர் நுரையீரலுக்குப் போய்விடும். மார்ச்சில் அப்படிப் போய் ஐசியுவில் பதினோரு நாள் இருந்தார். இன்னொரு தடவை தாங்கமாட்டார் என்றார்கள். ஆகவே தண்ணீர், ரசம், காபி எல்லாவற்றிலும் ஒரு பொடியைக் கலக்கிக் கூழாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து ஸ்பூனில் கொடுப்பேன். அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆற்றங்கரை ஊர்களுக்குப் போகலாம் என்றது அவர் மனைவி லூர்துராணி.

"அந்த ஊரையெல்லாம் ஓடுற பஸ்லேருந்துதான் பாத்திருக்காரு சிஸ்டர். ஒரு நாளு அவசரமில்லாம பாக்கட்டுமே."

நாள் வாடகைக்குக் கார் வைத்தோம். ஓட்டியவர் பூவரசன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறை வரை போனோம். படியில் சக்கர நாற்காலி இறங்காது, மேலே இருந்தபடியே தண்ணீரைப் பார்த்தார். முக்கொம்பில் மரத்தடியில் அரை மணி நேரம் இருந்தோம். ஜீயபுரத்தில் கார் கதவில் ஒரு தட்டு விழுந்தது. பூவரசன் நிறுத்தினார். அங்கே காலியான பஸ் நிறுத்தம் மட்டும்தான் இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு இரண்டு தட்டு.

"யாரும் ஏறலையாம்மா, கிளம்பச் சொல்றாரு," என்றார் பூவரசன். லூர்துராணி சிரித்தார். பிலோமின்ராஜும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். நல்ல நாளாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பெட்டவாய்த்தலையில் ஒரு தட்டு பலமாக விழுந்தது. எதிரே டீக்கடை. பஸ் நிற்கும் ஊர்களில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கடைக்காரரே டீ கொடுப்பது வழக்கம். தூரத்தில் பஸ் தெரிந்ததுமே ஆற்றத் தொடங்கிவிடுவார்கள். கடைக்காரர் ஜாவித் கார் ஜன்னலில் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் டீயோடு வந்துவிட்டார்.

"என்ன கண்டக்டரே, ரிட்டயர் ஆனா கடையும் மறந்துருமா? சர்க்கரை கம்மி, டிகாஷன் தூக்கல். சரிதானே?"

பிலோமின்ராஜ் இடது கையை நீட்டினார். நான் டம்ளரை வாங்கிப் பொடியைக் கலந்தேன். இரண்டு நிமிஷத்தில் டீ பசையானது.

"டீயில மாவு போடுறீங்களே சிஸ்டர்," என்றார் ஜாவித்.

ஒரு ஸ்பூன் கொடுத்தேன். வாயில் வைத்திருந்து, மோவாய் வழியாக வழியவிட்டார். சட்டை நனைந்தது. மாற்றுச் சட்டை எடுக்க டிக்கியைத் திறந்தேன். அந்த ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. இருமல் கேட்டுத் திரும்பினேன். ஜாவித் இன்னொரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் பாதிதான் மிச்சம், லூர்துராணியின் கையில் இருந்தது.

"ஒரே ஒரு வாய்தான் குடுத்தேன் சிஸ்டர். அவர்தான் கையைப் பிடிச்சு இழுத்தாரு."

முன்னால் சாய்த்துப் பிடித்தேன். உதடு நீலமாகி, மெல்லச் சரியானது. கண்ணில் தண்ணீர் நிற்க, அவர் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். குளித்தலைக்குப் போகவில்லை. திரும்பும் வழியில் அவர் எங்கேயும் தட்டவில்லை.

மாலைக்குள் நூற்றொன்று காய்ச்சல். ஆஸ்பத்திரியில் என்ன குடித்தார் என்று கேட்டார்கள். லூர்துராணி தரையைப் பார்த்தார். நான் சொன்னேன்.

மறுநாள் காலை மூக்கு வழியாக உணவுக் குழாய் போட நர்ஸ் வந்தார். இனி வாய் வழியாக எதுவும் கிடையாது, கூழும் கூட. குழாய் உள்ளே போகத் தொடங்கியதும் கட்டில் கம்பியில் ஒரு தட்டு. சற்று விட்டு இன்னொரு முறை, ஒரே ஒரு தட்டு.

"கையை ஆட்டுறாரு, பிடிச்சுக்குங்க," என்றார் நர்ஸ்.

லூர்துராணி என்னைப் பார்த்தார். அந்த அறையில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்று பேர். குழாய் போகாவிட்டால் அவர் பிழைக்கமாட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். என் உள்ளங்கையிலும் ஒருமுறை தட்டினார்.